வீல்சேர் டென்னிஸ்: டீக்கடைல கேட்ட கேள்விங்களும் என் பதிலும்

தண்டையார்பேட்டைல மொபைல் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலைல வீல்சேர்ல உக்காந்து டென்னிஸ் ஆடறேன். இந்த ரெண்டாவது விஷயம் வெளிய தெரிஞ்ச நாள்லேர்ந்து டிஸ்ப்ளே மாத்த வர்றவங்க, பக்கத்து டீக்கடை மாஸ்டர், ஷேர் ஆட்டோ ஓட்றவங்க, எங்க அத்தை, எல்லாரும் சுத்தி சுத்தி அதே கேள்விங்களத்தான் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன். எனக்கு இடது கால் முட்டிக்குக் கீழ இல்ல, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஒரு கன்டெய்னர் லாரி பண்ண வேலை. அதைப் பத்தின கேள்விங்களுக்கு இங்க பதில் கெடையாது, இது டென்னிஸ் பத்தி மட்டும்.

இதுக்குன்னு தனி ரூல் புக்கு இருக்காபா?

இல்ல. இன்டர்நேஷனல் டென்னிஸ் ஃபெடரேஷன் போட்ட அதே ரூல் புக்குதான், அதுக்குள்ளயே வீல்சேருக்குன்னு ஒரு சின்னப் பகுதி, அவ்ளோதான். கோர்ட் அதே 23.77 மீட்டர் நீளம், சிங்கிள்ஸ்னா 8.23 மீட்டர் அகலம், டபுள்ஸ்னா 10.97. நெட் நடுவுல 91.4 சென்டிமீட்டர், அதையும் எறக்கலை. பந்து அதே, ராக்கெட் அதே, 15, 30, 40 எண்றதும் அதே. மூணு செட்ல ரெண்டு ஜெயிச்சா மேட்ச், கிராண்ட்ஸ்லாம்னு சொல்ற நாலு பெரிய போட்டிலயும் அப்படித்தான், ஆம்பளைங்களுக்கு அஞ்சு செட்டெல்லாம் கெடையாது. மாத்தினதுன்னு பாத்தா ஒரு கை விரல்ல எண்ணிடலாம், அதுலயும் பெருசா மாத்தினது ஒண்ணே ஒண்ணுதான்.

அந்த ஒண்ணு இன்னா?

ரெண்டு பிட்ச். டென்னிஸ்காரங்க பவுன்ஸ்னு சொல்லுவாங்க, நம்ம ஏரியால பிட்ச்னாதான் புரியும். சாதாரண டென்னிஸ்ல பந்து ஒரு தடவ தரைல பட்டதும் அடிச்சிடணும், ரெண்டாவது தடவ பட்டா பாயின்ட் போச்சு. வீல்சேர்ல ரெண்டாவது தடவ படற வரைக்கும் விடலாம், மூணாவது தடவ பட்டாதான் போச்சு.

இதுல நெறைய பேருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கு. மொத பிட்ச்தான் கோடுக்குள்ள விழணும். ரெண்டாவது எங்க வேணா விழலாம், கோட்டுக்கு வெளிய, பின்னாடி வேலி பக்கம், எங்கயும். எங்க கோர்ட்ல மொத மொத ஆட வந்த ஒருத்தர் ரெண்டாவது பிட்ச் வெளிய விழுந்ததும் "அவுட்டு"ன்னு கைய தூக்கிட்டு நின்னுட்டாரு, நான் பின்னாடி போயி அதை எடுத்து அந்தாண்ட அடிச்சேன், அவரு இன்னும் கைய எறக்கலை. அன்னைக்கு நடந்த சண்டைல டீ ஆறிப்போச்சு. சர்வீஸை எடுக்கறதுக்கும் இதே கணக்குதான், மொதல்ல சர்வீஸ் கட்டத்துல விழணும், அப்புறம் இன்னொரு பிட்ச் விட்டு எடுக்கலாம்.

நம்ம தெரு கிரிக்கெட்ல ஒன் பிட்ச் கேட்ச் அவுட்டு, ரெண்டாவது மாடிக்குப் போனா அவுட்டு, சாக்கடைல விழுந்தா ரெண்டு ரன்னுன்னு எவ்ளோ ரூல் போட்டோம்? எடத்துக்கு ஏத்த மாதிரி ஆட்டம். இதுவும் அந்த மாதிரி யோசிச்சதுதான்.

பாவம்னு ஒரு பிட்ச் எக்ஸ்ட்ரா குடுத்துட்டாங்களா?

இந்தக் கேள்வி வந்தாதான் எனக்கு சுர்ருன்னு ஏறும். சரி பொறுமையா சொல்றேன்.

மீன்பாடி வண்டி பாத்துருக்கீங்க இல்ல, காசிமேட்டுலேர்ந்து காலைல பறக்குமே. அந்த வண்டிய நேரா வுடலாம், வளைச்சி வுடலாம். ஆனா நின்ன எடத்துலேர்ந்து அப்படியே பக்கவாட்டுல ஒரு அடி நகர்த்து பாப்போம்? முடியாது. வீல்சேரும் அதே கதைதான். நிக்கற டென்னிஸ்ல நடக்கற ஆட்டம் பாதி பக்கவாட்டுல கால் மாத்தி மாத்தி நகர்றதுதான், நெட்ட பாத்துட்டே வலது பக்கம் ரெண்டு ஸ்டெப், இடது பக்கம் ரெண்டு ஸ்டெப். எங்களுக்கு அது கெடையாது. பந்து வலது பக்கம் வந்தா சேர வலது பக்கம் திருப்பணும், தள்ளணும், அடிக்கணும், அடிச்சதும் மறுபடி வளைச்சி எடத்துக்கு வரணும். அந்த வளையற நேரம்தான் ரெண்டாவது பிட்ச். சக்கரம் எப்படி உருளும்னு பாத்து போட்ட கணக்கு அது, பாவம் பாத்து குடுத்த காசு இல்ல.

அதனாலயே ஆட்டத்தோட வடிவமும் மாறிப்போச்சு. நிக்கறவங்க பேஸ்லைன், அதாவது கோர்ட்டோட கடைசி கோடு, அதுக்கு நடுவுல வந்து காத்துட்டு இருப்பாங்க. நாங்க அடிச்சிட்டு பேஸ்லைனுக்குப் பின்னாடி ரெண்டு மூணு மீட்டர் தள்ளி ஒரு எடத்துக்கு வளைஞ்சி வருவோம், அங்கயும் சேர நிறுத்த மாட்டோம், லேசா உருட்டிட்டே இருப்போம். நின்ன சேர கெளப்பறது ரொம்ப கஷ்டம், மேட்டுல நிறுத்தின லோடு வண்டி மாதிரி. ஓடிட்டே இருந்தா ஒரு தள்ளுல பந்துகிட்ட போயிடலாம். எதிராளிக்கு முதுக காட்டி வளையற நேரமும் உண்டு, அப்ப தோள் மேல கண்ணு வெச்சி பாத்துக்கணும். வேடிக்கை பாக்கறவங்களுக்கு நாங்க எட்டு போடற மாதிரி தெரியும், ஆர்டிஓ ஆபீஸ்ல லைசென்ஸ் எடுக்கறப்ப போடுவோமே அதே எட்டு.

அப்ப எல்லா பந்தையும் ரெண்டாவது பிட்ச்லதான் அடிப்பீங்களா?

நான் பெரும்பாலும் அப்படித்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா பெரிய ஆட்டக்காரங்க முடிஞ்சப்பல்லாம் மொத பிட்ச்லயே எடுத்துடுவாங்க. ஏன்னா ரெண்டாவது பிட்ச்சுக்கு விட்டா நீ பின்னாடி போயிட்டன்னு அர்த்தம், பந்தும் தாழ்ந்து போயிடும், எதிராளிக்கு எடத்துக்கு வர நேரம் கெடைச்சிடும். அதனால உனக்கு எதிர்ல இருக்கறவன் பந்த வெட்டி ஸ்லைஸ் போட்டு ரெண்டாவது பிட்ச் எழும்பவே விடாம பண்ணுவான். பந்த முன்பக்கமா சுழல விட்டு நல்லா டாப்ஸ்பின் போட்டா பந்து மொத பிட்ச்லயே தலைக்கு மேல போகும், உக்காந்துட்டு இருக்கறவனுக்கு அது எட்டவே எட்டாது, பின்னாடி ஓடணும். ரெண்டு பிட்ச் இருக்கு நிம்மதியா அடிக்கலாம்னு நெனைச்சிட்டு வந்தா மொத கேம்லயே தெரிஞ்சிடும்.

கோர்ட்ட சின்னது பண்ணிருந்தா ரெண்டு பிட்ச்சே தேவை இல்லயே?

இது கேட்டது எங்க டீக்கடை மாஸ்டர், நல்ல கேள்வி. பேட்மின்டன்ல அதான் பண்ணாங்க. வீல்சேர் பேட்மின்டன் சிங்கிள்ஸ் பாதி கோர்ட்லதான் ஆடுவாங்க, ஏன்னா இறகுப் பந்து தரைல பட்டா ஆட்டம் முடிஞ்சது, அங்க நேரத்த நீட்ட வழியே இல்ல, அதனால எடத்த சுருக்கினாங்க. டென்னிஸ்ல பந்து எழும்புது, அதனால எடத்த தொடாம நேரத்த நீட்டிக்கிட்டாங்க. இதுல ஒரு பெரிய லாபம், புதுசா ஒரு கோடு கூட போட வேணாம். உலகத்துல எந்த டென்னிஸ் கோர்ட்டா இருந்தாலும் சேர எறக்கினா ஆட்டம் ஆரம்பிச்சிடலாம்.

பந்து சேர்ல பட்டா என்ன?

உடம்புல பட்ட மாதிரி. ரூல் புக்கு சேர உடம்போட ஒரு பாகம்னே சொல்லுது, உடம்புக்கு என்ன ரூலோ அதெல்லாம் சேருக்கும். ஆட்டத்துல இருக்கற பந்து டயர்ல, கம்பில, ஃபுட்ரெஸ்ட்ல எங்க பட்டாலும் பாயின்ட் போச்சு. சேர் நெட்ட தொட்டாலும் போச்சு. சர்வீஸ் பந்து கீழ விழறதுக்கு முன்னாடி நேரா உன் சேர்ல வந்து அடிச்சா சர்வீஸ் போட்டவனுக்கு பாயின்ட். டபுள்ஸ்ல பார்ட்னரோட சேர்ல பட்டாலும் உங்களுக்குத்தான் நஷ்டம்.

சக்கரத்துல ஸ்போக்ஸ் நடுவுல பந்து சொருகி வெச்சிருக்கறத பாத்துட்டு "அது எப்படி உள்ள போச்சு, அவுட்டா"ன்னு ஒரு பையன் கேட்டான். அது செகண்ட் சர்வீஸுக்கு வெச்சிருக்கற பந்துடா தம்பி. உக்காந்த எடத்துல பாக்கெட்லேர்ந்து பந்த உருவி எடுக்கறது பேஜார் புடிச்ச வேல, அதான் சக்கரமே எங்களுக்கு பாக்கெட்டு.

சர்வீஸ் எப்படி? ஓட்டிட்டு வந்து அடிக்கலாமா?

கூடாது. மொதல்ல சேர் அசையாம நிக்கணும். அதுக்கப்புறம் ஒரே ஒரு தள்ளு தள்ளிக்கலாம், உடனே அடிக்கணும். ரெண்டாவது தள்ளு தள்ளினா ஃபால்ட்டு, அந்த சர்வீஸ் செல்லாது. சக்கரம் எதுவும் பேஸ்லைன தொடக்கூடாது, பேஸ்லைன் நடுவுல இருக்கற குட்டிக் கோடு, அந்த சென்டர் மார்க்குக்கும் சைடு லைனுக்கும் நடுவுல, கோட்டுக்குப் பின்னாடிதான் இருக்கணும், அடிச்சி முடிக்கற வரைக்கும். முன்னாடி இருக்கற குட்டி சக்கரமும் சேத்துதான் சொல்றேன், நெறைய பேரு பெரிய சக்கரத்த மட்டும் பாத்துட்டு குட்டி சக்கரத்துல மாட்டிப்பாங்க. ரூல்ல சொல்றது சக்கரம் தரைல எங்க தொடுதுங்கறத, அதனால கால் வெச்சிருக்கற எடம் கோட்டுக்கு மேல அந்தரத்துல நீட்டிட்டு இருந்தா குத்தம் இல்ல.

நிக்கறவன விட ரொம்ப தாழ்வான எடத்துலேர்ந்து நாங்க அடிக்கிறோம், நெட்டு அதே உயரம். அதனால நேரா கீழ்நோக்கி குத்தி அடிக்கற சர்வீஸ்லாம் எங்களுக்கு சரிப்பட்டு வராது, சுழல விட்டு, வளைச்சி, எடம் பாத்து போடணும். ஒரு வருஷம் ஆச்சு எனக்கு, பத்துக்கு ஆறு உள்ள விழுது. டபுள் ஃபால்ட்டு போட்டா எங்க டீம் அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, மூஞ்ச திருப்பிட்டு ஸ்போக்ஸ எண்ணிட்டு இருப்பாரு, அதுக்கு திட்டினா கூட தேவல.

ஒரு கால்தான் நல்லா இருக்கே, அத வெச்சி பிரேக்கு போட்டுக்கலாமே?

இந்த ரூல்லதான் நான் நெறைய பாயின்ட் விட்டேன். சின்ன வயசுல பிரேக்கு இல்லாத சைக்கிள்ல ஸ்பீடா வந்து செருப்ப டயர் மேல வெச்சி தேய்ச்சி நிறுத்துவோம் பாருங்க, இல்லன்னா ரெண்டு காலையும் தரைல தேய்ச்சிட்டே வருவோம். அந்த ரெண்டையும் பாத்துட்டு வந்து எழுதின மாதிரியே ரூல் போட்டு வெச்சிருக்கான். பந்து ஆட்டத்துல இருக்கறப்ப, சர்வீஸ் போடறப்ப, அடிக்கறப்ப, திரும்பறப்ப, நிறுத்தறப்ப, பாதத்தயோ காலயோ தரை மேலயோ சக்கரத்து மேலயோ வெச்சி பிரேக்கு மாதிரியோ முட்டுக் குடுக்கறதுக்கோ யூஸ் பண்ணா பாயின்ட் போச்சு.

ஏன்னு யோசிச்சா நியாயம் புரியும். தண்டுவடத்துல அடிபட்டவருக்கு கால் சொன்ன பேச்சு கேக்காது. எனக்கு வலது கால் முழுசா இருக்கு, நான் அத ஊனி சடார்னு திரும்பிட்டா அவருக்கும் எனக்கும் போட்டியே இல்லாம போயிடும். ரெண்டு பேரும் கையாலதான் நிறுத்தணும், கையாலதான் திருப்பணும். இப்ப என் கால ஃபுட்ரெஸ்ட்டோட சேத்து பெல்ட்டு போட்டு கட்டிடறேன், அது சட்டப்படி ஓகே. இடுப்பு, தொடை, எதுக்கு வேணும்னாலும் பெல்ட்டு கட்டிக்கலாம்.

இதுல ஒரு விலக்கு இருக்கு. கையால சக்கரத்த தள்ளவே முடியாதவங்க ஒரு கால தரைல உந்தி சேர நகர்த்திக்கலாம். ஆனா ராக்கெட்ட முன்னாடி வீசி பந்த அடிக்கற வரைக்கும் அந்தக் கால் தரைய தொடக்கூடாது, சர்வீஸ்லயும் ஆரம்பிச்சதுலேர்ந்து அடிக்கற வரைக்கும் அதே.

எம்பி அடிக்கலாமா?

ரூல் புக்கு சொல்றது, பந்த அடிக்கற நேரத்துல ஒரு பக்க குண்டியாச்சும் சீட்ல இருக்கணும். சிரிக்காதீங்க, நெசமாவே அப்படித்தான் எழுதியிருக்கு. அது இல்லன்னா எட்டாத பந்துக்கு கைய ஊனி எம்பறவன் ஜெயிச்சிடுவான், எம்ப முடியாதவன் பாத்துட்டு இருப்பான்.

நம்ம பக்கத்துல இத வெளக்கவே தேவயில்ல, கேரம் ஆடின ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். ஓரத்துல இருக்கற காய்க்கு எவனாச்சும் லேசா எழுந்து எட்டிப் பாத்தான்னா "டேய் உக்காருடா"ன்னு சுத்தி நிக்கற பத்து பேரும் கத்துவாங்க. புதுவண்ணாரப்பேட்டைலேர்ந்து போயி 2024ல அமெரிக்கால நடந்த கேரம் உலகக் கோப்பைல மூணு தங்கம் ஜெயிச்ச காசிமா பொறந்த ஊருக்கு, உக்காந்து ஆடற ஆட்டத்தப் பத்தி நான் கிளாஸ் எடுக்கணுமா.

நீ கட்டைக்கால் போட்டுட்டு நடந்துதான வர்ற? அப்புறம் சேர்ல உக்காந்தா அது டபாய்க்கிறது இல்லயா?

எங்க அத்தை கேட்டது, வேற யாரும் கேட்ருந்தா கோவம் வந்துருக்கும். வீல்சேர் டென்னிஸ் ஆடறதுக்கு நாள் பூரா வீல்சேர்ல இருக்கணும்னு ரூல் இல்ல அத்தை. கால்ல நிரந்தரமா, டாக்டர் உறுதி பண்ண குறை இருக்கணும், அதனால ஓடி ஆட முடியாம இருக்கணும். தண்டுவட காயம், கால் எடுத்தவங்க, போலியோ, இடுப்பு முட்டி கணுக்கால் மூட்டு இறுகிப்போனவங்க எல்லாரும் இதுல வருவாங்க. ரெண்டு மாசத்துக்கு மாவுக்கட்டு போட்டவன் வர முடியாது. சர்வதேச போட்டின்னா இதையெல்லாம் செக் பண்ணிதான் விடுவாங்க. எங்க ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல செக் பண்றதுக்கு ஒண்ணும் இல்ல, வந்து உக்காந்தா ஆட்டம்தான்.

கையும் சரியா இல்லாதவங்க?

அவங்களுக்கு தனி பிரிவு, குவாட்னு பேரு. மூணோ அதுக்கு மேலயோ கை கால்ல பாதிப்பு இருக்கறவங்க. ஆம்பள பொம்பள தனித்தனியா இல்லாம ஒண்ணாவே ஆடுவாங்க. 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்ஸ்ல சேத்தாங்க.

அங்க ராக்கெட்ட புடிக்க விரல்ல பலம் இல்லன்னா டேப் போட்டு கையோட கட்டிக்குவாங்க. கட்டினதுக்கப்புறம் ஆட்டத்துக்கு நடுவுல பிடி மாத்த முடியாது, ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட், சர்வீஸ் எல்லாம் அந்த ஒரே பிடிலதான். யோசிச்சிப் பாருங்க, நாம ஸ்க்ரூடிரைவர தப்பா புடிச்சாலே ரெண்டு தடவ மாத்திப் புடிக்கறோம். பந்த மேல தூக்கிப் போட முடியாத ஆளா இருந்தா, அவரோ வேற ஒருத்தரோ பந்த கீழ விட்டு, அது ஒரு பிட்ச் எழும்பினதும் அடிச்சி சர்வீஸ் போடலாம். ஆனா ஒரு தடவ அப்படி போட்டா மேட்ச் பூரா அதே மாதிரிதான் போடணும், இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. கையால தள்ளவே முடியாதவங்களுக்கு மோட்டார் வெச்ச சேரும் இந்தப் பிரிவுல அனுமதிப்பாங்க. மத்தவங்களுக்கு மோட்டாரும் கெடையாது, கியர், நெம்புகோல் மாதிரி எதுவும் கெடையாது, சக்கரத்துக்கு ஒரு வளையம், அத கையால தள்ளணும்.

நான் நின்னு ஆடறேன், நீ உக்காந்து ஆடு, முடியுமா?

தாராளமா. எனக்கு ரெண்டு பிட்ச், உனக்கு ஒண்ணு. டபுள்ஸ்லயும் ஒருத்தர் சேர்ல ஒருத்தர் நின்னுட்டு சேந்து ஆடலாம், அவங்கவங்களுக்கு அவங்கவங்க ரூல். இதுக்கும் ரூல் புக்குல எடம் இருக்கு, நாங்களா கட்டினது இல்ல. என் கடைல வேல பாக்கற பையன் பத்தொன்பது வயசு, ஃபுட்பால் ஆடற வியாசர்பாடி பையன், ஓட்டத்துல மின்னல். மொத நாள் என்கிட்ட 6-1ல தோத்துட்டு, "ரெண்டு பிட்ச் உனுக்கு இருக்குண்ணா, அதான்"ன்னு மூஞ்ச தூக்கினான். சரி அடுத்த வாரம் நீ சேர்ல உக்காருன்னு சொன்னேன், ரெண்டு பிட்ச்சும் எடுத்துக்கடா. ஒரு கேம் கூட எடுக்கல, பாதி நேரம் வேலிய பாத்து உக்காந்துருந்தான்.

அந்த சேர் என்ன விலை? ஆஸ்பத்திரி சேர்ல ஆட முடியாதா?

ஆரம்பத்துல அதுலதான் நானும் ஆடினேன். நேரா போனா பரவால்ல, திரும்புன்னா முன் சக்கரம் ஒரு பக்கம் இழுக்கும், ஸ்பீடுல கொடை சாஞ்சிடும். ஒருதடவ சாஞ்சி முழங்கை சிராய்ச்சி ரத்தம், ஆனா பந்த அடிக்கறப்ப சீட்லதான் இருந்தேன், பாயின்ட் எனக்குன்னு கீழ படுத்துட்டே வாதாடினேன்.

ஸ்போர்ட்ஸ் சேர் வேற ஜாதி. பெரிய சக்கரம் ரெண்டும் மேல நெருங்கி கீழ விரிஞ்சி சாஞ்சி நிக்கும், 20 டிகிரி வரைக்கும் கூட சாய்வு இருக்கும். அடில அகலமா இருக்கறதால கவுறாது, கை வளையத்துல நேரா விழும், ஒரு சக்கரத்த புடிச்சி இன்னொண்ண தள்ளினா பம்பரம் மாதிரி சுத்தும். பின்னாடி கவுந்துடாம இருக்க குட்டி சக்கரம் ஒண்ணோ ரெண்டோ. பிரேக்கு கெடையாது, கைப்பிடி கெடையாது, கூட வந்தவங்க புடிச்சி தள்றதுக்குன்னு எதுவுமே இருக்காது. அந்த சேர மொத தடவ பாத்தப்ப எனக்கு புடிச்சதே அதான்.

வெளிநாட்டு சேர்னா லட்சக்கணக்குல போகும். எங்களுது செகண்ட் ஹேண்ட், ரெண்டு பேரு மாத்தி மாத்தி உக்கார்றோம். ரிப்பேருக்கு பயப்படவேணாம், டியூப், டயர், ஸ்போக்ஸ் எல்லாம் சைக்கிள் கணக்குதான். எங்க தெரு சைக்கிள் கடை பாய் மொத தடவ பாத்துட்டு "இன்னாபா சக்கரம் ரெண்டும் கோணலா கீது, தட்டி நேர் பண்ணட்டா"ன்னு சுத்திய எடுத்துட்டாரு. நல்ல வேள நான் கடைலதான் இருந்தேன். பட்டன அமுக்கினா சக்கரம் கழண்டு வந்துடும், அதனால ஷேர் ஆட்டோல பின்னாடி போட்டுக்கலாம். மெட்ரோன்னா கேக்கவே வேணாம், விம்கோ நகர்லேர்ந்து வண்ணாரப்பேட்டை வரைக்கும் லிஃப்ட்டு இருக்கு. கஷ்டம் வீட்டுலேர்ந்து ஸ்டேஷன் வரைக்கும்தான், நம்ம பிளாட்பாரம் இருக்கற லட்சணத்துல.

கைல ராக்கெட்ட வெச்சிக்கிட்டு எப்படி தள்றீங்க?

ராக்கெட் பிடியயும் வளையத்தயும் சேத்தே புடிச்சி தள்ளணும். மொத ரெண்டு மாசம் உள்ளங்கைல கொப்புளம், டச் ஸ்க்ரீன் ஒட்டற வேலயே செய்ய முடியல. இதுக்கு ரூல்ல ஒண்ணும் இல்ல, பழக்கம்தான். பேக்ஹேண்ட்ல கூட நெறைய பேரு கைய திருப்பி, ஃபோர்ஹேண்ட் அடிக்கற ராக்கெட்டோட அதே பக்கத்தாலயே அடிப்பாங்க, பிடி மாத்தற நேரம் மிச்சம்.

மெட்ராஸ் வெயில்ல எப்படி தாங்கறீங்க?

காலைல ஆறுலேர்ந்து எட்டு, அதுக்கு மேல ஆட மாட்டோம். மே மாசத்துல சக்கரத்து வளையம் கொதிக்கும், வேர்வைல வழுக்கும். அத விட முக்கியமானது ஒண்ணு இருக்கு, தண்டுவடத்துல அடிபட்டவங்களுக்கு அடிபட்ட எடத்துக்குக் கீழ சரியா வேர்க்காது. கழுத்துகிட்ட அடின்னா உடம்புல பெரும்பகுதிக்கு வேர்வையே வராது. வேர்க்கலன்னா உடம்பு சூடு எறங்காது. எங்க டீம் அண்ணன் அந்த மாதிரி, அதனால ஒவ்வொரு ரெண்டு கேமுக்கும் எடம் மாறப்ப தண்ணி ஸ்ப்ரே அடிச்சி, ஈரத்துண்ட கழுத்துல போட்டுதான் விடுவோம். ஆட்டத்துல அவரு "ஒண்ணும் இல்லடா"ன்னா அத நம்பக்கூடாது, மூஞ்சி செவந்துருந்தா நிறுத்திடணும்.

கோர்ட்ல சக்கரம் ஏறினா கோர்ட் வீணாயிடாதா?

இந்த ஒரு கேள்விக்காகவே ஒரு கிளப்புல எங்கள உள்ள விடல. காத்தடிச்ச ரப்பர் டயர் சிமென்ட் கோர்ட்ட ஒண்ணும் பண்ணாது, பிராண்ட் ஷூ போட்டுட்டு வழுக்கி நிறுத்தறானுங்களே, கோர்ட்டுக்கு அதுதான் தேய்மானம். செம்மண் கோர்ட்னா தடம் விழும், ஆடி முடிச்சதும் இழுத்து விட்டா சரியாயிடும். புல் தரைலதான் கஷ்டம், அதுவும் கோர்ட்டுக்கு இல்ல, எங்களுக்கு, சக்கரம் உருளவே உருளாது. விம்பிள்டன்ல டபுள்ஸ் மட்டும் வெச்சிட்டு சிங்கிள்ஸ 2016 வரைக்கும் சேக்காம இருந்ததுக்கு சொன்ன காரணமே அதுதான். சேத்தப்புறம் ஆடிட்டுதான் இருக்காங்க.

இத யாரு ஆரம்பிச்சாங்க?

பிராட் பார்க்ஸ்னு ஒரு அமெரிக்கர். பனிச்சறுக்குல விழுந்து முதுகுத்தண்டுல அடி, பதினெட்டு வயசு. 1976ல கலிஃபோர்னியால ஜெஃப் மினிபிரேக்கர்னு இன்னொரு வீல்சேர் ஆளோட சேந்து ஆட ஆரம்பிச்சி, ஊர் ஊரா போயி பரப்பினாரு. 1988 சியோல் பாராலிம்பிக்ஸ்ல சும்மா ஆடி காமிச்சாங்க, 1992 பார்சிலோனால மெடல் வந்துருச்சு. 1998ல வீல்சேர் டென்னிஸுக்குன்னு இருந்த தனி சங்கத்த கலைச்சிட்டு இன்டர்நேஷனல் டென்னிஸ் ஃபெடரேஷனோட முழுசா சேத்துட்டாங்க. ஒரே ரூல் புக்குன்னு மேல சொன்னேன் பாருங்க, அது இதனாலதான். கிராண்ட்ஸ்லாம்ல ஆஸ்திரேலியா 2002லயே ஆரம்பிச்சிட்டாங்க.

யார் ஆட்டத்த பாக்கணும்?

நெதர்லாந்து எஸ்தர் வெர்கீர். 2003லேர்ந்து 2013ல ஆட்டத்த விடற வரைக்கும் சிங்கிள்ஸ்ல வரிசையா 470 மேட்ச், ஒண்ணு கூட தோக்கல. பத்து வருஷம். எங்க மாஸ்டர்கிட்ட சொன்னப்ப "எதிர்ல யாரும் வரலயா"ன்னாரு, வந்தாங்க மாஸ்டர், எல்லாரும் வந்தாங்க.

ஜப்பான் ஷிங்கோ குனியெடா பேக்ஹேண்ட மெதுவா வெச்சி பாருங்க, கிராண்ட்ஸ்லாம் சிங்கிள்ஸ் மட்டும் 28. அவர பாத்து வந்த பையன்தான் டோகிடோ ஓடா, 2023 பிரெஞ்ச் ஓபன் ஜெயிக்கறப்ப வயசு 17, அடுத்த வருஷம் பாரிஸ் பாராலிம்பிக்ஸ் தங்கம். அவன் கோர்ட்டுக்குள்ள புகுந்து மொத பிட்ச்லயே எடுத்து சாத்தறத பாத்தா நான் மேல எழுதின ரெண்டு பிட்ச் கதையெல்லாம் மறந்துடுவீங்க. 2021ல பொம்பளைங்க பிரிவுல நெதர்லாந்து டீடே டி கிரூட், குவாட்ல ஆஸ்திரேலியா டிலன் ஆல்காட், ரெண்டு பேரும் ஒரே வருஷத்துல நாலு கிராண்ட்ஸ்லாமும் பாராலிம்பிக்ஸ் தங்கமும் எடுத்தாங்க. நிக்கற டென்னிஸ்ல சிங்கிள்ஸ்ல இத ஒரே வருஷத்துல பண்ணது 1988ல ஸ்டெஃபி கிராஃப் மட்டும்தான்.

ஞாயித்துக்கிழமை வந்து பாக்கலாமா?

வாங்க. பந்து பொறுக்கிப் போட ஆள் எப்பவும் பத்தாது, வேலிக்கு வெளிய போற பந்துக்கு நாங்க சேர வளைச்சி போறதுக்குள்ள நாய் தூக்கிட்டுப் போயிடுது. கேக்காம சேர புடிச்சி தள்ளாதீங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணு, ரெண்டாவது பிட்ச் வெளிய விழுந்தா "அவுட்டு"ன்னு கத்தாதீங்க, ஆட்டம் ஓடிட்டு இருக்கும்.